ஒற்றைச் சம்பாத்தியத்தில் கிரெடிட் கார்டு கடனை அடைப்பது எப்படி: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு

ஜூன் பிறந்ததும் பள்ளிக்கூடம் திறந்துவிடும். விசைப்படகுகளோ ஜூன் 14 வரை கரையில்தான் நிற்கும். ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியும் முன்பே ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம், வேன் வாடகை என்று செலவு வரிசை கட்டிவிடுகிறது. தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாய் அரிசிக்கும் பாலுக்குமே சரியாகிவிடும். கார்டு வெளியே வருவது அந்த நேரத்தில்தான். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வளைகுடாச் சம்பளம் தள்ளிப்போகும் மாதத்திலும், ராமேஸ்வரத்தில் யாத்ரீகர் கூட்டம் குறைந்து லாட்ஜும் ஆட்டோவும் படுத்துக்கிடக்கும் நாட்களிலும் இதேதான் நடக்கிறது.

ஒருவர் சம்பாதிக்க, மற்றவர் பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் அம்மா. மனைவி டீச்சராகவோ நர்ஸாகவோ வேலைக்குப் போக, அப்பா வீட்டில் இருக்கும் குடும்பங்களும் உண்டு. யாராக இருந்தாலும், கடன் அடைக்கும் பொறுப்பை வீட்டில் இருப்பவர் கையில் எடுத்துக்கொள்வதுதான் நல்லது. அன்றாடச் செலவு எங்கே போகிறது என்று தெரிந்தவர் அவர்தான்.

முதலில் பில்லைக் கையில் வாங்குங்கள்

பல வீடுகளில் கார்டு கணவர் பெயரில் இருக்கும், தேய்ப்பது மனைவி, பில் போவது கணவரின் மெயிலுக்கு. அவர் கடலில் இருப்பார், அல்லது துபாயில் இருப்பார். கடைசித் தேதி தாண்டிவிட்டது என்பது வங்கியிலிருந்து போன் வரும்போதுதான் வீட்டுக்குத் தெரியும். அதனால் இன்றே அவரிடம் சொல்லி, பில் மெயில் வந்ததும் உங்கள் மெயிலுக்கும் தானாக வரும்படி செய்யச் சொல்லுங்கள். பில் பிடிஎஃப் திறக்க பாஸ்வேர்டு வேண்டும். அது எப்படி அமைந்திருக்கும் என்பதை அந்த மெயிலிலேயே எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த நாளும் மாதமும்தான்.

கடந்த மூன்று மாத பில்லை எடுத்து ஒரு நோட்டில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: பில் போடும் தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி, மொத்த பாக்கி, மினிமம் தொகை, மாத வட்டி விகிதம். வட்டி விகிதம் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும், தேடித்தான் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். நீங்கள் கடையில் வாங்கியவை ஒரு பக்கம். வட்டி, வட்டிக்கு ஜிஎஸ்டி, தாமதக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், மாதா மாதம் தானாகப் பிடிக்கும் சந்தா, நீங்கள் கேட்காமலே சேர்ந்த காப்பீடு எல்லாம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பக்கத்தைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். கேட்காத காப்பீடோ 'கார்டு பாதுகாப்புத் திட்டமோ' இருந்தால், சம்மதம் தரவில்லை, ரத்து செய்து பணத்தைத் திருப்புங்கள் என்று வங்கிக்கு மெயிலில் எழுதுங்கள்.

உங்கள் கையில் இருப்பது கணவரின் கார்டோடு சேர்த்துக் கொடுத்த கூடுதல் கார்டு என்றால், அதில் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பொறுப்பு முதன்மைக் கார்டுக்காரர்தான். பில் ஒன்றுதான், லிமிட்டும் ஒன்றுதான். அங்கே அவர் இந்திய கார்டில் விமான டிக்கெட் போட, இங்கே நீங்கள் மளிகை வாங்க, இரண்டும் சேர்ந்து லிமிட்டைத் தாண்டிய பிறகுதான் இருவருக்கும் தெரிகிறது. இந்திய கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் 2 முதல் 3.5 சதவீதம் வரை தனிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. அங்கத்திய செலவை அங்கத்திய கணக்கிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மினிமம் கட்டினால் கடன் ஏன் குறைவதில்லை

நம் பக்கத்தில் வட்டியை நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்றுதான் பேசுவோம். அந்தக் கணக்கில் பல கார்டுகள் மூன்றரை வட்டி. அதோடு முடியவில்லை. வங்கியின் நகைக்கடன், வீட்டுக்கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கார்டு வட்டிக்கு 18 சதவீதம் உண்டு. அதையும் சேர்த்தால் நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு. வருடத்துக்கு ஏறக்குறைய 50 ரூபாய்.

60,000 ரூபாய் பாக்கியை எடுத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 2,100, ஜிஎஸ்டி 378, ஆக 2,478 ரூபாய். மினிமம் 5 சதவீதம் என்றால் 3,000. நீங்கள் கட்டிய 3,000-ல் அசலில் கழிவது வெறும் 522 ரூபாய். மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபில் (கடன் வரலாற்றுப் பதிவு) கெடாது, அவ்வளவுதான் அதன் பயன். அதைக் கடன் அடைப்பதாக எண்ணிக்கொள்வதுதான் பெரிய இழப்பு.

அதே பாக்கிக்கு, புதிதாக எதுவும் தேய்க்காமல், மாதம் 4,000 கட்டினால் முடிய 24 மாதம் ஆகும், வட்டியும் வரியுமாக 35,000 ரூபாய்க்கு மேல் போகும். மாதம் 6,000 கட்டினால் 14-வது மாதத்தில் முடியும், சுமார் 19,000 போகும். மாதம் இரண்டாயிரம் கூட்டினால் பதினாறாயிரம் மிச்சம். ஒற்றை வருமான வீட்டில் அந்த இரண்டாயிரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. அதைக் கீழே பார்ப்போம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பாக்கியை முழுசாகக் கட்டாத மாதத்திலிருந்து, புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் என்பதே கிடையாது. 5-ம் தேதி 4,000 ரூபாய்க்கு மளிகை தேய்த்தால், 5-ம் தேதியிலிருந்தே அதற்கு வட்டி ஓடும். '45 நாள் ஃப்ரீ' என்பது முழுப் பாக்கியையும் கட்டுகிறவருக்கு மட்டும்.

கார்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று வீடியோக்களில் சொல்வதை நம்பி யாரும் கட்டாமல் இருந்துவிட வேண்டாம். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் அப்படிச் சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

கார்டை அணைத்து வையுங்கள்

கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டால் கடன் நிற்காது. நம்பர் ஆப்புகளில் பதிந்து கிடக்கும், அதிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். செய்ய வேண்டியவை வேறு.

வங்கி ஆப்பில் ஆன்லைன், வெளிநாடு, 'டேப்' செய்து கட்டுவது என ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச் இருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஷாப்பிங் ஆப்புகளில் சேமித்த கார்டு விவரத்தை நீக்குங்கள். தானாகப் பிடிக்கும் சந்தாக்களை நிறுத்துங்கள். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்திருந்தால் அதை முதலில் பிரித்துவிடுங்கள். டீக்கடை கியூஆரில் ஸ்கேன் செய்யும் முப்பது ரூபாய்கூடக் கடனில் போவது அந்த வழியாகத்தான், பில் வரும்வரை கண்ணுக்கே தெரியாது. கடைசியாக, லிமிட்டைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். பாக்கி 60,000, லிமிட் 1,50,000 என்றால், 65,000-க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அதோடு கையிருப்பாக 5,000 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று தோன்றும். நடு ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது கையில் காசு இல்லாவிட்டால் கார்டுதான் மறுபடி வெளியே வரும். இந்த ஐயாயிரம் அதைத் தடுக்கும். எடுத்துச் செலவழித்தால், அடுத்த வரவில் முதலில் இதை நிரப்பிவிட்டுத்தான் மற்றது.

மளிகை, காய், பால், பெட்ரோல் நான்கையும் வாரக் கணக்காக ரொக்கத்துக்கு மாற்றுங்கள். வாரத் தொகையைத் திங்கட்கிழமை தனியாக எடுத்து வைத்து, அதற்குள் முடிப்பது. கடை நோட்டில் எழுதி வாங்குவது கார்டைவிடத் தேவலை, ஏனென்றால் பழகிய கடைக்காரர் வட்டி போடுவதில்லை. ஆனால் அந்த நோட்டையும் மாதக் கடைசியில் பூஜ்யமாக்க வேண்டும். மேலே கேட்ட அந்த இரண்டாயிரம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்: சந்தாக்கள், தேவையில்லாத காப்பீடு, ஆன்லைனில் 'ஆஃபர்' என்று வாங்கியவை, தாமதக் கட்டணம். பில்லின் இரண்டாவது பக்கத்தைக் கூட்டச் சொன்னது அதற்காகத்தான்.

வீட்டிலிருந்தே மாதம் இருபதாயிரம் என்று முன்பணம் கேட்கும் விளம்பரங்கள் பக்கம் போகவே போகாதீர்கள். கடனில் இருக்கும் வீட்டுப் பெண்களைக் குறிவைத்தே அவை வருகின்றன. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு.

நாலு வட்டிக் கடனை ஒரு வட்டிக்கு மாற்றுவது

வீட்டில் நகை இருந்து, அது பெட்டிக்குள் சும்மா இருந்தால், முதலில் அதை யோசிக்க வேண்டும். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 9 முதல் 12 சதவீதம் அளவில்தான். அதாவது நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குள். அதே 60,000 ரூபாயை 10 சதவீத நகைக்கடனுக்கு மாற்றி மாதம் 6,000 கட்டினால் 11-வது மாதத்தில் முடியும், மொத்த வட்டி 3,000 ரூபாய்க்குள். கார்டிலேயே விட்டால் 19,000. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2026 ஏப்ரல் முதல் 2.5 லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். தங்கம் விற்கும் விலைக்கு 60,000-க்கு ஒன்றரைப் பவுனே தாராளம். இருக்கும் நகையெல்லாம் கொண்டுபோய் வைக்காதீர்கள். தேவையான தொகைக்கு மட்டும் வையுங்கள்.

கடற்கரைக் குடும்பத்துக்கு நகைக்கடனில் இன்னொரு வசதியும் உண்டு. அசலையும் வட்டியையும் 12 மாதத்துக்குள் ஒரே தடவையில் கட்டும் முறையில் எடுக்கலாம். மார்ச்சில் நகையை வைத்துக் கார்டை அடைத்துவிட்டால், ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் கார்டு பில் என்று பெரிதாக ஒன்று இருக்காது. ஜூன் 15-க்குப் பிறகு படகு போய்வந்து பங்குப் பணம் வரத் தொடங்கியதும் நகைக்குக் கட்டிக்கொள்ளலாம். வைக்கும்போதே கவுண்டரில் மூன்று கேள்வி கேளுங்கள்: இடையில் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் வட்டி குறையுமா? முன்கூட்டியே முடித்தால் கட்டணம் உண்டா? கெடு எந்தத் தேதி? அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். கெடு தாண்டினால் ஏல நோட்டீஸ் வரும். முழுப் பணமும் கட்டிய பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும். வங்கிப் பக்கத் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

இதில் குடும்பங்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நகையை வைத்துக் கார்டை அடைத்ததும் லிமிட் முழுசாகத் திறந்துவிடும். ஆறு மாதத்தில் கார்டு மறுபடி நிரம்பிவிடும், நகையும் வங்கியில் இருக்கும். அதனால் கார்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்த அன்றே லிமிட்டைக் குறையுங்கள்.

நகை இல்லையென்றால் மகளிர் சுய உதவிக் குழுவின் உள்கடனைப் பாருங்கள். ஒரு வட்டி, இரண்டு வட்டி என்றாலும் கார்டில் பாதிதான், வட்டியும் உங்கள் குழுவுக்கே போகிறது. ஊர் பைத்துல்மாலில் (ஜமாஅத்தின் பொது நிதி) வட்டியில்லாக் கடன் கிடைக்கும் ஊர்களில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அதற்காகத்தான் அது இருக்கிறது. பதிவு பெற்ற சீட்டு போட்டுக்கொண்டிருந்தால், தள்ளுபடி போக வரும் பணத்தில் கார்டு முடியுமா என்று கணக்குப் போட்டு எடுங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டால் கார்டு பாக்கியை இஎம்ஐ ஆக மாற்றச் சொல்லுங்கள். 60,000-ஐ 18 சதவீதத்தில் 12 மாதத்துக்கு மாற்றினால் தவணை சுமார் 5,500. வட்டி 6,000, அதற்கு ஜிஎஸ்டி ஏறக்குறைய 1,080, ஒரு சதவீத பிராசஸிங் கட்டணம் வரியோடு 700 என்று மொத்தம் 7,800 அளவில் போகும். நகைக்கடனைவிட அதிகம், ஆனால் சும்மா விடுவதைவிட எவ்வளவோ குறைவு. ஒன்றை மறக்காதீர்கள்: இஎம்ஐ தவணை முழுசாக மினிமத்தில் சேர்ந்துவிடும். முன்பு 3,000 கட்டித் தப்பித்த மாதத்திலும் இனி ஐந்தரை ஆயிரத்துக்கு மேல் கட்டியே ஆக வேண்டும். தடைக்காலத்தில் அது முடியாதென்றால் 24 மாதமாகக் கேளுங்கள்.

செய்யவே கூடாதவை மூன்று. கார்டிலிருந்து ஏடிஎம்மில் பணம் எடுத்தால் எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்குமேல் தனிக் கட்டணம். கடையில் கார்டைத் தேய்த்து ரொக்கம் வாங்கி இன்னொரு கார்டைக் கட்டும் சுழற்சி அதைவிட மோசம். இரண்டரை சதவீதக் கமிஷன் என்றால் 60,000-க்கு ஒவ்வொரு தடவையும் 1,500. மாதா மாதம் சுற்றினால் வருடத்தில் 18,000 போயிருக்கும், அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. கண்டுபிடித்தால் வங்கி கார்டை முடக்கும், அன்று சுழற்சி நின்று மொத்தமும் தலையில் விழும். மூன்றாவது, கார்டு அடைக்கக் கந்து வட்டிக்கோ லோன் ஆப்பிலோ வாங்குவது. பத்து வட்டி வாங்கி நாலு வட்டியை அடைக்கும் கணக்கு அது. கந்து வட்டியைத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஏற்கெனவே அப்படியொரு கடன் இருந்தால் கார்டுக்கு முன்னால் அதைத்தான் முடிக்க வேண்டும்.

வரவு வரும் நாளோடு கார்டைக் கட்டிப்போடுவது

கார்டு வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. 60,000-க்கு வரியோடு நாளுக்கு 81 ரூபாய். கடைசித் தேதிவரை காத்திருக்க வேண்டியதில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் துண்டு துண்டாகக் கட்டலாம். 25-ம் தேதி கட்ட நினைத்த 10,000-ஐ 5-ம் தேதியே கட்டினால் 270 ரூபாய் மிச்சம். படகு கரைக்கு வந்து பங்கு பிரித்த அன்றே 1,000, 1,500 என்று கட்டிவிடுவது மீனவ வீட்டுக்குப் பொருந்தும் முறை. கையில் வைத்திருந்தால் அது வேறு செலவுக்குப் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடுத்த பில் போடும் முன்னால் கட்டிய பணம் பாக்கியைக் குறைக்கும், ஆனால் அடுத்த பில்லின் மினிமத்துக்குக் கணக்காகாது. மார்ச் மாதமே நிறையக் கட்டிவிட்டோம், ஏப்ரலுக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டால் ஏப்ரல் பில்லுக்குத் தாமதக் கட்டணம் விழும். அதனால் கார்டுக் கடனை வேறு கடனுக்கு மாற்ற வழியில்லாத வீடுகள், பிப்ரவரி, மார்ச் வரவில் மூன்று மாத மினிமத்தை, 60,000 பாக்கிக்கு சுமார் 9,500 ரூபாயை, சேமிப்புக் கணக்கில் தனியாக வைத்துக்கொண்டு ஏப்ரல் 15-ஐச் சந்திக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் புயல் சின்னம் என்று கடலுக்குப் போகாத நாட்களுக்கும் ஒரு மாத மினிமம் இருக்கட்டும். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் கட்டிய பணம் அரசின் பங்கோடு சேர்ந்து திரும்பி வரும்போது அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். நாட்டுப்படகு வீடுகளுக்குத் தடைக்காலம் இல்லை. அந்த இரண்டு மாதம் மீனுக்கு நல்ல விலையும் கிடைக்கும். அவர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டிய காலமே அதுதான்.

வெளிநாட்டுச் சம்பளக் குடும்பங்களுக்குச் சிக்கல் தேதியில் இருக்கிறது. சம்பளம் 5-ம் தேதி போட்டு, பணம் இங்கே 8-ம் தேதி வருகிறது, கார்டுக்குக் கடைசித் தேதி 3 என்றால் ஒவ்வொரு மாதமும் தாமதம்தான். பில் சுற்றை மாற்றிக் கேட்க ரிசர்வ் வங்கி விதியில் உங்களுக்கு உரிமை உண்டு. கடைசித் தேதி பில் தேதியிலிருந்து 18, 20 நாள் தள்ளி வரும். ஆகவே பில் தேதியை 25 அளவில் கேட்டால் கடைசித் தேதி 13, 14-ல் விழும். அவருடைய இந்திய சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும், ரீசார்ஜ் தீர்ந்தால் ஓடிபி வராது, எதையும் மாற்ற முடியாது.

ஆட்டோ டெபிட் போடுவதாக இருந்தால் மினிமத்துக்கு மட்டும் போடுங்கள், மீதியைக் கையால் கட்டுங்கள். முழுத் தொகைக்குப் போட்டு, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் இரண்டு பக்கமும் அபராதம். கையால் கட்டும்போது கார்டின் கடைசி நான்கு எண்ணை ஒரு முறை சரிபார்த்து, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்டிவிடுங்கள். தவறிப் போனாலும் பதற வேண்டாம். கடைசித் தேதி கழிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடவோ சிபிலுக்குச் சொல்லவோ முடியும். வட்டி மட்டும் ஓடும்.

கட்டவே முடியாத மாதம் வந்தால்

வங்கி உங்களைத் தேடும் முன் நீங்கள் வங்கியைத் தேடுங்கள். வங்கி கார்டுக்காரரிடம் மட்டும்தான் பேசும். ஆகவே மெயில் அவருடைய பதிவு செய்த முகவரியிலிருந்து போக வேண்டும். இப்படி எழுதினால் போதும்:

"என் கார்டில் 60,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. குடும்பத்தில் என் வருமானம் மட்டுமே. மீன்பிடித் தடைக்காலத்தால் ஜூன் 14 வரை வருமானம் இல்லை. முழுப் பாக்கியையும் 24 மாதத் தவணையாக மாற்ற விரும்புகிறேன். வட்டி விகிதம், பிராசஸிங் கட்டணம், இடையில் முடித்தால் ஆகும் கட்டணம் மூன்றையும் எழுத்தில் தெரிவியுங்கள். கடந்த மாதத் தாமதக் கட்டணத்தைத் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறேன்."

முன்பு ஒழுங்காகக் கட்டியவருக்குத் தாமதக் கட்டணத்தைப் பல வங்கிகள் ஒரு தடவை திருப்பித் தருகின்றன. போனில் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள், எழுத்தில் வந்த பிறகு கட்டுங்கள். மினிமம் 90 நாள் கட்டாமல் போனால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். பேசுவதாக இருந்தால் அதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. திட்டவோ, பக்கத்து வீட்டில் சொல்லவோ, உறவினரை அழைக்கவோ கூடாது. வீட்டு வாசலில் வந்தால் அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் கேளுங்கள். கார்டு கணவர் பெயரில் இருந்தால், வாழ்க்கைத் துணை என்பதற்காக மட்டும் அந்தக் கடன் உங்கள் சொந்தப் பொறுப்பு ஆகிவிடாது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் செக்கையும் தராதீர்கள். பணத்தை ஏஜென்ட்டின் சொந்த யுபிஐக்கு அனுப்பவே கூடாது. அழைப்பு வந்த நாள், நேரம், நம்பரை நோட்டில் குறித்து வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரத்துக்கு 14448.

பாதி கட்டினால் போதும் என்று செட்டில்மென்ட் பேசுவார்கள். உடல்நலம் கெட்டு, வருமானமே நின்றுபோன வீட்டுக்கு அது சரியான வழிதான். கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் கட்டிவிடலாம் என்ற நிலையில் இருப்பவர் அதற்குப் போக வேண்டாம். சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பல வருடம் நிற்கும். நாளை படகுக் கடனுக்கோ பிள்ளையின் கல்விக் கடனுக்கோ போகும்போது அது குறுக்கே வரும்.

கடைசி ரூபாய் கட்டிய பிறகு

மொத்தப் பாக்கியையும் கட்டிய அடுத்த மாதமும் 300, 400 ரூபாய்க்கு ஒரு பில் வரும். பில் போட்ட தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது. தவறாக வந்திருக்கிறது என்று விட்டுவிட்டால் அதற்குத் தாமதக் கட்டணம் சேர்ந்து ஆயிரமாகிவிடும். கட்டிவிடுங்கள், அதற்கடுத்த பில் பூஜ்யமாக வரும்வரை பாருங்கள்.

கார்டு இனி வேண்டாம் என்றால், பூஜ்ய பில் வந்த பிறகு மூடச் சொல்லி மெயில் அனுப்புங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். பாக்கி இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் போலக் கடன் அறிக்கை தரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். அதில் கணக்கு 'க்ளோஸ்டு' என்று இருக்க வேண்டும், பாக்கி சுழியாக இருக்க வேண்டும். வேறு மாதிரி இருந்தால் அந்தச் சான்றை இணைத்து, திருத்தச் சொல்லி அதே தளத்திலேயே புகார் பதியலாம். நகை இன்னும் வங்கியில் இருந்தால், கார்டுக்குப் போய்க்கொண்டிருந்த மாதத் தொகையை ஒரு மாதம்கூட இடைவெளி விடாமல் அதற்குத் திருப்பிவிடுங்கள்.